துன்பத்தில் எது பலம்? ஒரு சிவப்புப் பென்சில் வாசிப்பு

 

இந்த வருஷச் சொற்பொழிவுக்கு என்ன பொருள் எடுப்பது என்று பேச உட்கார்ந்தபோது எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. டீச்சர் நினைவாக நடக்கிற கூட்டம், ஆகவே டீச்சர் வாசித்த பைபிளைப் பற்றிப் பேசுவோம் என்று சிலர் சொன்னோம். தலித் இலக்கிய மேடையில் பைபிள் பிரசங்கமா, நாளைக்கு இன்னொருவர் வந்து திருப்பாவை உபன்யாசம் செய்கிறேன் என்பார், பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று வேறு சிலர் சொன்னோம். இரண்டு பக்கமும் நாங்கள்தான். எங்களில் பாதிப் பேருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மீதிப் பேரில் பலர் கோயிலில் பட்ட அவமானத்தால் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள். கடைசியில் சண்டையை முடித்து வைத்தது டீச்சரின் பைபிள்தான். அவருடைய மகள் அதை எங்கள் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு அட்டை, முதுகு பிய்ந்து பிளாஸ்டர் ஒட்டியது. உள்ளே சிவப்புப் பென்சிலால் கோடுகள்.

நாங்கள் பத்துப் பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்த்தோம். முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவர், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் மில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொன்னவர், எங்களில் பலருக்கு அ எழுதக் கையைப் பிடித்தவர். அவர் எங்கே கோடு போட்டார், எங்கே போடவில்லை என்பதைப் பார்த்தபோது, அதுவரை எங்களுக்குத் தெரிந்த டீச்சர் பாதிதான் என்று பட்டது. இன்றைக்குப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

துன்ப காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வசனங்கள் சில உண்டு. சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் அவற்றைக் கேட்கலாம். காலண்டரில் அச்சடித்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். அவற்றில் முதலில் வருவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12ஆம் அதிகாரம். பலவீனத்தில்தான் கடவுளின் பலம் முழுமையாகத் தெரியும் என்ற பொருள்பட வருகிற இடம். டீச்சரும் அதில் கோடு போட்டிருக்கிறார். ஆனால் எல்லோரும் கோடு போடுகிற 9ஆம் வசனத்தில் இல்லை, அதற்கு முந்தின 8ஆம் வசனத்தில். அங்கே பவுல், என் உடம்பில் குத்துகிற முள்ளை எடுத்துவிடு என்று மூன்று முறை மன்றாடியதாகச் சொல்கிறார். அந்த ‘மூன்று’ என்ற சொல்லைச் சுற்றி டீச்சர் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.

எங்களுக்குப் புரிந்த வரையில் அந்த வட்டத்துக்கு அர்த்தம் இதுதான். பவுல் முதலில் கேட்டார். கேட்டது கிடைக்காதபோது மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அதற்குப் பிறகுதான் தன் முள்ளைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்தவன் முதுகில் விழுகிற அடியைப் பார்த்து, பொறுத்துக்கொள், அதில்தான் பலம் என்று அவர் சொல்லவில்லை. தன் முள்ளைப் பற்றி ஒருவர் சொன்னதைப் பிறத்தியாருக்கு மருந்துச் சீட்டாக எழுதிக்கொடுப்பது வேறு வேலை. நம் சேரிகளில் அந்த வேலை நிறைய நடந்திருக்கிறது. கூலி கேட்கப் போனவனைப் பொறுமையாக இரு என்று அனுப்பியவர்களின் கையில் இருந்ததும் இதே பைபிள்தான். பேதுருவின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரத்தில், வேலைக்காரர்கள் முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று ஓர் இடம் வருகிறது. டீச்சர் அதன் ஓரத்தில் போட்டிருப்பது ஒரு கேள்விக்குறி. பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.

இந்தப் புத்தகம் இந்த வட்டாரத்துக்கு வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது நாம் விருதுநகர் மாவட்டம் என்கிற பகுதியின் இந்த மேற்குப் பக்கம் பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி. 1854இல் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லாண்ட் என்ற கேம்பிரிட்ஜ் படிப்பாளி சிவகாசியை மையமாக வைத்துக்கொண்டு கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அவருடைய கதையை ஏமி கார்மைக்கேல் பின்னாளில் புத்தகமாகவே எழுதினார். கூட நடந்த தமிழ் உபதேசியார்களுக்கு அப்படி யாரும் புத்தகம் எழுதவில்லை. எழுத்து தெரியாத மக்களுக்கு வாசித்துக் காட்டியதும், மனப்பாடம் செய்ய வைத்ததும் அவர்கள்தான். எங்களுக்குத் தெரிந்த பாட்டிகள் சிலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், ஆனால் சங்கீதங்களை வரி பிசகாமல் சொல்வார்கள். கத்தோலிக்கச் சேரிகளில் நிலைமை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிகிறவரை பூசையே லத்தீனில்தான். வேதம் சாமியார் கையில் இருந்தது, ஜெபமாலை சனங்கள் கையில் இருந்தது.

யார் கையில் புத்தகம் இருக்கிறதோ அவர் எந்தப் பக்கத்தை விரிப்பது என்று முடிவு செய்கிறார். நாங்கள் சிறு வயதில் கேட்ட பிரசங்கங்களில் யாத்திராகமம் என்றால் செங்கடல் பிளப்பது. டீச்சர் பைபிளில் செங்கடலுக்குக் கோடு இல்லை. கோடு முழுக்க 5ஆம் அதிகாரத்தில்.

அந்த அதிகாரத்தை வாசித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இங்கே நாலைந்து கை தூக்கலாம். கதை இதுதான். மோசே போய் பார்வோனிடம், சனங்களுக்கு மூன்று நாள் விடுப்பு கொடு, வனாந்தரத்தில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்கிறான். பார்வோன் என்ன செய்கிறான்? செங்கல் அறுக்கிறவர்களுக்குக் கொடுத்து வந்த வைக்கோலை நிறுத்துகிறான். வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் நேற்று எத்தனை கல்லோ இன்றைக்கும் அத்தனை கல் வேண்டும் என்கிறான். இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் சாமி கும்பிடப் போகணும் என்று கூச்சல் போடுகிறார்கள் என்கிறான். எண்ணிக்கை குறைந்ததும் அடி விழுகிறது. யாருக்கு? அதே சனத்திலிருந்து மேஸ்திரியாக நியமிக்கப்பட்டவர்களுக்கு. அவர்கள் போய் பார்வோனிடம் அழுகிறார்கள், அங்கே நியாயம் கிடைக்கவில்லை. வெளியே வந்து யாரைத் திட்டுகிறார்கள்? மோசேயையும் ஆரோனையும்.

பழைய மொழிபெயர்ப்பில் வேலை வாங்குகிறவனுக்கு ‘ஆளோட்டி’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு அகராதி தேடுகிற அவசியம் நம் பக்கத்துச் சனங்களுக்கு இல்லை. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. தீப்பெட்டி வேலையில் குரோஸ் கணக்கு. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறியில் மீட்டர் கணக்கு. பொருளின் செலவைத் தொழிலாளி தலையில் கட்டிவிட்டு எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் இருப்பது என்ன வித்தை என்று நம் ஆட்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நாங்கள் இந்த அதிகாரத்தைப் படிப்பகத்தில் சத்தமாக வாசித்தபோது சூளைக்குப் போய்வந்த ஓர் அண்ணன், “இது எந்த ஊருச் சூளைப்பா?” என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. மோசே கடவுளிடம் திரும்பிப் போய், என்னை எதற்கு அனுப்பினாய், நான் வந்த நாளிலிருந்து இந்தச் சனத்துக்குக் கஷ்டம் கூடித்தான் போயிருக்கிறது, நீ இவர்களை விடுவிக்கவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். போராட்டத்துக்குப் போய் வந்த தோழர்களுக்கு இந்த இடம் தெரியும். மனு கொடுத்த மறுநாள் வேலை போகும். நம் சனமே வந்து, நீ பேசாமல் இருந்திருந்தால் அரை வயிற்றுக் கஞ்சியாவது கிடைத்திருக்கும் என்று சொல்லும். அடுத்த அதிகாரத்தில் இன்னொரு வரி வருகிறது, டீச்சர் அதன்கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். கடவுள் சொன்ன நல்ல செய்தியை மோசே வந்து சொன்னபோது சனங்கள் காது கொடுக்கவில்லை, வேலைக் கொடுமையால் அவர்கள் மனசு ஒடிந்துபோயிருந்தது என்று. மனசு ஒடிந்தவனைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதாது என்று வேதம் சொல்லவில்லை. ஏன் கேட்க முடியவில்லை என்பதற்கு வேலையைத்தான் காரணமாகக் காட்டுகிறது.

இந்த வாசிப்பு டீச்சர் ஒருவருடையது மட்டுமல்ல என்று காட்டுவதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகிற பக்கம் புதுப்பட்டி. அந்த ஊர்க்காரர் எழுத்தாளர் பாமா. கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு வருஷம் இருந்து, வெளியே வந்தவர். அந்த வேதனையில் எழுதிய ‘கருக்கு’ 1992இல் மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்து 2000இல் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது. இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பாடம். மாணவர்கள் அதைத் தலித் தன்வரலாறு, பெண் எழுத்து, பேச்சு வழக்கு என்று பரீட்சைக்கு எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் அது ஒரு வேத வாசிப்புப் புத்தகம் என்பதை உங்கள் கேள்வித்தாள் விட்டுவிடுகிறது.

முன்னுரையைத் திறந்து பாருங்கள். பனங்கருக்கின் இரண்டு பக்கக் கூரைச் சொல்கிற பாமா, எபிரெயர் நிருபம் 4:12ஐ அங்கே கொண்டுவருகிறார். கடவுளின் சொல் இரண்டு பக்கமும் கருக்குள்ள பட்டயத்தைவிடக் கூர்மையானது என்று சொல்கிற இடம் அது. விறகு பொறுக்கப்போன சிறுமியின் தோலைக் கீறியதும் கருக்கு. பிறகு ஒரு புத்தகத்துக்குக் கருவானதும் அதே கருக்கு. வேதத்தை ஆறுதல் என்று சொல்வார்கள், விளக்கு என்று சொல்வார்கள். பனை மட்டை என்று சொன்னவர் இவர்தான் என்று நினைக்கிறோம்.

அந்தக் கருக்கு எந்தப் பக்கம் அறுக்கிறது? ஊரைப் பற்றிச் சொல்லும்போது, தபால் ஆபீஸ், பஞ்சாயத்து போர்டு, பால் பண்ணை, பெரிய கடைகள், பள்ளிக்கூடம் எல்லாம் மேல்சாதித் தெருக்களில் இருந்ததைச் சொல்கிற பட்டியலில் கோயிலையும் சேர்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகப் பழி வந்து, சின்னப் பிள்ளை சாமியாரிடம் போய் நிற்கிறபோது, சேரிப்பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிற மாதிரிதான் அவர் பேசுகிறார். மடத்துக்குள் போனால் அங்கேயும் சாதி. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பாமா வைக்கிற குற்றச்சாட்டு முக்கியமானது: பொறுமை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல் என்று கடவுளைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள், அவர் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர், ஏற்றத்தாழ்வைப் பொறுக்காதவர் என்பதைச் சொல்லித் தரவே இல்லை. அந்தப் பக்கங்களைத் தானே படித்துக் கண்டுபிடித்ததில் வந்த தெம்புதான் அந்தப் புத்தகம். மடத்தை விட்டு வந்தவர் வேதத்தை விட்டு வரவில்லை. மடம் கொடுக்காத வேதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

‘கருக்கு’ வந்தபோது சொந்த ஊரிலேயே கோபப்பட்டார்கள், கொஞ்ச காலம் ஊருக்குள் போகக்கூட முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு அந்த ஊரே அதைத் தன் புத்தகம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கக் கருக்கு என்றால் கையில் பிடிக்கிறவருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அந்தப் புத்தகத்தில் சுடுகாட்டுத் தகராறு ஒன்று வருகிறது. அதைத் தொடர்ந்து போலீஸ் வந்து ஆண்களை அடித்து இழுத்துப் போகிறது. ஒளிந்தவர்கள் ஒளிந்தபடி இருக்க, ஒரு சின்னப் பையன் செத்துப்போகிறான். அப்பன் வெளியே வந்தால் பிடித்துவிடுவார்கள். பெண்கள் அவனுக்குச் சேலை கட்டி, பெண் வேஷத்தில் கூட்டிவந்து மகன் முகத்தைக் காட்டுகிறார்கள். எங்களில் யாரும் அந்தப் பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்து முடித்ததில்லை.

டீச்சருக்கும் ஒரு சுடுகாட்டுக் கதை உண்டு. ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். 1979. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அவருடைய அம்மா இறந்தபோது கல்லறைக்குப் போகிற பாதை பட்டா நிலம் என்று முள் போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே பருத்தி. பிணத்தைக் கரிசல் ஓரம் இறக்கிவைத்துவிட்டுக் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தாலுகா ஆபீசுக்கு ஓடினார்கள். வெயில் ஏற ஏற ஈ மொய்த்தது. டீச்சர் தன் முந்தானையால் சாயங்காலம் வரைக்கும் ஈ விரட்டினார். அதிகாரி வந்து அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்று வழி திறந்துவிட்டார். “அந்த ஒரு நாளைக்கு மட்டும்ங்கிறதுதாம்ப்பா எனக்கு மறக்கல” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சாமுவேல் இரண்டாம் புத்தகம் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாள் என்று ஒரு பெண் வருகிறாள். தேசத்தில் மூன்று வருஷப் பஞ்சம். அதற்குப் பரிகாரம் என்று சவுலின் வம்சத்தில் ஏழு பேரைத் தூக்கில் போடுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் ஒரு சாக்குத் துணியைப் பாறைமேல் விரித்து உட்கார்ந்துகொண்டு, வாற்கோதுமை அறுப்புத் தொடக்கத்திலிருந்து மழை விழுகிறவரைக்கும், பகலில் பறவைகளையும் ராத்திரியில் காட்டு மிருகங்களையும் பிணங்கள் பக்கம் வரவிடாமல் விரட்டுகிறாள். அந்த அதிகாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தி தாவீது ராஜாவுக்குப் போகிறது. அவன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்ய வைக்கிறான். கதையில் கவனியுங்கள், தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்பது தூக்கில் போட்ட இடத்தில் இல்லை, அடக்கம் நடந்த பிறகுதான் வருகிறது. டீச்சரின் பைபிளில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ரிஸ்பாளைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. பாதையில் பிணத்தை இறக்கி உட்கார்ந்தவர்களுக்குத்தான் அவள் கண்ணில் படுகிறாள் போலிருக்கிறது.

1997ஐ இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறோம். அந்த மே மாதம் விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆரம்பித்தது கலவரமானது. கடைசியில் எல்லாக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் தலைவர் பெயர்களையே எடுத்துவிட்டார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு தலித் வீரன் பெயரை ஒரு பஸ்ஸில் தாங்க முடியாத நாடு, எல்லாப் பெயரையும் அழித்துச் சமாதானம் செய்துகொண்டது. அந்த வாரங்களில் சாயங்காலமானால் வெளியே தலைகாட்ட பயம். டீச்சர் வீட்டில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வாசித்தது 10ஆம் சங்கீதம். ஏன் தூரத்தில் நிற்கிறாய், ஆபத்து நேரத்தில் ஏன் ஒளிந்துகொள்கிறாய் என்று கடவுளைக் கேட்டுத்தான் அது தொடங்குகிறது. கொலைகாரன் கிராமங்களின் மறைவிடங்களில் பதுங்கியிருப்பதை, எளியவனை வலை போட்டுப் பிடிப்பதை வரி வரியாகச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை மாதிரி இருக்கும். அன்றைக்கு அங்கே சிறுமியாக இருந்த எங்களில் ஒருவர் சொல்வார்: “அதைக் கேட்ட பிறகும் பயம் போகலை. ஆனா இப்படிக் கத்தலாம், சாமிகிட்டயே கத்தலாம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.” நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்காவது இப்படிப்பட்ட முறையீடுகள்தான். கோயிலில் பாடுவதெல்லாம் மற்றவை.

இன்னொரு கோடு அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில். பிலிப்பி என்ற ஊரில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமலே தடியால் அடித்துத் தொழுவில் கால்களை மாட்டி வைக்கிறார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடுகிறார்கள், பூமி அதிர்கிறது, கதவு திறக்கிறது. எல்லாப் பிரசங்கமும் அங்கே நின்றுவிடும். டீச்சர் கோடு போட்டது 37ஆம் வசனத்துக்கு. விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, சரி போகச் சொல்லு என்கிறார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடியுரிமை உள்ள எங்களை விசாரணையே இல்லாமல் எல்லோர் முன்னாலும் அடித்தார்கள், இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அதெல்லாம் நடக்காது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்து வருகிறார்கள். காவல் நிலையத்தில் சமாதானமாகப் போங்கப்பா என்ற குரலைக் கேட்டவர்களுக்கு இந்த வசனம் என்னவென்று புரியும்.

ஆனால் பவுலின் கையில் குடியுரிமை இருந்தது. நம் கையில்? 1950 ஆகஸ்டில் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடப் போனால்தான் அந்தச் சான்றிதழ் குறுக்கே வந்து நிற்கிறது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போனாரே, அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலில் படித்த இளைஞன் வேலைக்காகக் காகிதத்தில் மதம் மாற வேண்டி வருவதை எப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார் பாருங்கள். ஒரே வீட்டில் தங்கை வேதத்தைக் கருக்காக எடுத்தார், அண்ணன் அதைப் பகடி செய்தார். இரண்டும் நமக்கு வேண்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம். மதம் மாறியும் சாதி போகவில்லை என்று அம்பேத்கர் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதிய கடுமையான விமர்சனத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பைபிளை மட்டும் தனியாக வாசிப்பவருக்கு அது பழைய பிரசங்கமாகத் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

இறையியல் படிக்கிற மாணவர்களுக்காக இரண்டே வார்த்தை. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் பேசிய பேச்சிலிருந்து தலித் இறையியல் என்ற துறை வளர்ந்தது. மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று அறிகிறவர், நாட்டுப்புற மெட்டையும் நம் சனத்தின் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலை, எல்லோருக்கும் ஒரே சோறு என்பதை நற்கருணைக்கு அர்த்தமாகச் சொன்னார். டீச்சர் இவர்களில் எவரையும் படித்ததாகத் தெரியவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு தானாகத்தான் போயிருக்கிறார்.

கடைசி வருஷம் அவருக்கு நோய் முற்றியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் யோபுவின் சிநேகிதர்கள் மாதிரிப் பேசினார்கள். ஏதாவது ஒரு நோக்கம் இருக்கும் டீச்சர், கர்த்தர் சோதிக்கிறார் டீச்சர் என்று. யோபு கதையின் முடிவு பலருக்கு மறந்துவிடுகிறது. 42ஆம் அதிகாரத்தில், கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம். அவரை எதிர்த்து வழக்குப் பேசிய யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். வந்தவர்கள் போன பிறகு டீச்சர் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். மற்ற முறையீடுகளில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருட்டில் ஆரம்பித்து இருட்டில் முடிகிறது. வாசித்தவர் தாங்காமல் அடுத்த சங்கீதத்தைத் தொடங்கினார். அது துதியில் ஆரம்பிக்கிறது. “அங்க போகாத. இதுலயே நிறுத்து” என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, “இப்படி ஒண்ண எழுதி, கிழிச்சுப் போடாம உள்ள வச்சிருக்கானே” என்றார். காபி கேட்டார்.

நம்பிக்கை இல்லாத எங்களுக்கு அந்த வார்த்தை இன்னும் தீரவில்லை. நம்பிக்கை உள்ள எங்களுக்கும் தீரவில்லை. எது பலம் என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. வலி குறையவில்லை என்பதும், அதற்கப்புறம் அவர் யாருக்கும் பொய்யான ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதும் பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

பைபிள் இதோ மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். தாள் நைந்திருக்கிறது, மெதுவாகப் புரட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் படிப்பகத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடி வாசிக்கிறோம். சூளை அண்ணன் தன் கூட வேலை பார்த்த இரண்டு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முதலில் அவர்கள் பேசுவார்கள், மாணவர்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள்.